நிலவுக்கு ஒரு கொத்தனார்

சிறுநீர் ஊறிய மண்ணில் செழிக்கும் பாக்டீரியாவை வைத்துச் செங்கல் செய்கிறார்கள் பெங்களூர் விஞ்ஞானிகள்.

எந்த ஊரிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சந்து ஒன்று இருக்கும். அந்த நெடி அம்மோனியாவுடையது. சிறுநீரிலுள்ள யூரியாவைச் சில பாக்டீரியாக்கள் உடைப்பதால் வருவது. அவற்றில் கைதேர்ந்தது ஸ்போரோசார்சினா என்ற பேரினம். மண், கடல்நீர், அன்டார்டிகா என்று இதன் இனங்கள் கிடைக்காத இடம் குறைவு. நிலைமை மோசமானால் வித்தாக மாறி உறங்கிவிடும். பிழைக்கத் தெரிந்த ஜாதி!

இந்தப் பேரினத்தில் பாஸ்டர் பெயரைத் தாங்கிய 'பாஸ்டியூரி' என்ற இனத்தைத்தான் இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் அலோக் குமாரின் குழு வேலைக்கு அமர்த்தியிருக்கிறது. யூரியா உடையும்போது அம்மோனியாவோடு கார்பனேட்டும் பிறக்கிறது. கால்சியம் கொடுத்தால் அது சுண்ணாம்புப் படிகமாகி மண் துகள்களை ஒட்டிவிடுகிறது. சூளை வேண்டாம், சிமென்ட் வேண்டாம். பிடிப்புக்குக் கொஞ்சம் பிசின். அதுவும் நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது.

இவ்வளவு மெனக்கெடுவது நிலவில் வீடு கட்ட. பூமியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சிமென்ட் ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது. அங்குள்ள மண்ணே கைகொடுக்க வேண்டும். இஸ்ரோவுடன் சேர்ந்து, நிலவு மண்ணைப் போன்ற செயற்கை மண்ணில் 2020இல் செங்கல் தயாரானது. செவ்வாய் மண் முரண்டு பிடித்தது. அதிலுள்ள இரும்பு பாக்டீரியாவுக்கு நஞ்சு. முதலில் வளரவே இல்லை. நிக்கல் குளோரைடு சேர்த்ததும் வழிக்கு வந்தது (2022). அடுத்த எதிரி செவ்வாயின் பெர்குளோரேட் உப்பு. அதைச் சமாளிக்க, பெங்களூர் மண்ணிலிருந்தே எடுத்த முரட்டு ரகம் ஒன்றை ஆய்வில் இறக்கினார்கள்.

2025இல் வந்த ஆய்வு இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. நிலவில் பகலில் 120 டிகிரி செல்சியஸைத் தொடும் வெப்பம், இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 130 வரை இறங்கும். சுட்ட செங்கல்லும் விரிசல் விடும். விரிசலில் பாக்டீரியாக் குழம்பை ஊற்றியபோது, இழந்த வலிமையில் 28 முதல் 54 சதவீதம் திரும்பியது. முழுசாக இல்லைதான்; ஆனால் ஆளில்லாத இடத்தில் அந்தப் பாதியே பெரிது.

சிக்கல்களும் இருக்கின்றன. மூடிய குடிலுக்குள் அம்மோனியா வெளியானால் குடியிருப்பவர் கதி என்ன? ஈர்ப்பு விசை குறைந்த இடத்தில் பாக்டீரியா இதேபோல் உழைக்குமா? இரண்டாவது கேள்விக்கு விடை தேட, ககன்யானில் ஒரு மாதிரியை அனுப்பும் திட்டத்தை இக்குழு தயாரித்துவந்தது.