வீட்டு மகளா, வேலைக்காரியா?

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் மாணவி ஒருவர் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டி, "அண்ணா, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள், போகலாமா, வேண்டாமா என்று சொல்லுங்கள்" என்றார். ஜெர்மனியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று எழுதிய கடிதம் அது. இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டுமாம். தங்க இடமும் உணவும் கிடைக்குமாம். கைச்செலவுக்குப் பணமும் தருவார்களாம். "நீ எங்கள் வீட்டுப் பெண்போல இருக்கலாம்" என்று அன்பொழுக எழுதியிருந்தார்கள். ‘ஓ பேர்’ என்னும் முறையில் விசா வாங்கிக்கொள்ளும்படி யோசனையும் கூறியிருந்தார்கள்.

படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் நம் தோழியர் பலருக்கும், தோழர் சிலருக்கும் இத்தகைய அழைப்பு வரக்கூடும். ஆதலின் இம்முறை யாது, இதன் விதிகள் எவை என்பதைச் சற்று விளக்குதல் நலமெனக் கருதுகிறேன்.

‘ஓ பேர்’ என்பது பிரெஞ்சு மொழிச் சொற்றொடர். ‘சமமாக’, ‘சரிநிகராக’ என்பது அதன் பொருள். அயல்நாட்டு இளைஞர் ஒருவர் ஒரு குடும்பத்தில் ஒருவராகத் தங்கி, அந்நாட்டின் மொழியையும் வாழ்க்கையையும் கற்கிறார். அதற்கு ஈடாகக் குழந்தைகளைக் கவனிப்பதிலும் சிறு வீட்டு வேலைகளிலும் துணை செய்கிறார். அவர் முழு மாணவரும் அல்லர். முழு ஊழியரும் அல்லர். இரண்டின் தன்மையும் கலந்த நிலை அது. இக்கலப்பே இதன் சிறப்பு. இடருக்கு வழியும் இதுவே.

இவ்வகையில் நம் நாட்டுக்குக் கசப்பான பழைய நினைவு ஒன்று உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், தாயகம் திரும்பிய ஆங்கிலக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. லண்டன் போய்ச் சேர்ந்தபின், ஊர் திரும்பச் சீட்டுமின்றிக் கைவிடப்பட்டோரும் அவர்களுள் உண்டு. அத்தகையோருக்குப் புகலிடமாக அந்நகரில் ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று இருந்தது. 1900 முதல் ஹாக்னி பகுதியில் அது இயங்கிய கட்டடத்தில் 2022-இல் நினைவுப் பலகை பதித்தார்கள். அந்த ஆயாக்களிடம் குழந்தைகள் அன்பு வைக்கவில்லை என்பதில்லை. எழுத்தில் பதிந்த உரிமை அவர்களுக்கு இல்லை, அதுதான் குறை.

அன்பை மட்டும் நம்பினால் போதாது, எழுத்தும் வேண்டும் என்பதை ஐரோப்பிய நாடுகளும் உணர்ந்தன. 1969 நவம்பர் 24-ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஐரோப்பிய கவுன்சிலின் சார்பில் இதற்கென ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. வேலை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேற்படலாகாது. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். இரு தரப்பாரின் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். ஜெர்மனி அதில் கையெழுத்திட்டதே ஒழிய உறுதி செய்யவில்லை. தனக்கெனத் தனி விதிகளை வகுத்துக்கொண்டது. நம் மாணவிக்கு வந்த அழைப்பு அந்நாட்டிலிருந்து என்பதால் அவ்விதிகளையே இங்குக் கூறுகிறேன்.

முதலாவது, வயது. பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இருபத்தேழு நிறைந்திருக்கலாகாது. ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ என்னும் தொடக்க நிலை அறிவு வேண்டும். மாக்ஸ் முல்லர் பவனில் இந்நிலைக்கான பாடமும் தேர்வும் உண்டு.

இரண்டாவது, காலம். ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மேற்படாமலும் தங்கலாம். வாழ்நாளில் ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. ஓராண்டு முடிந்தபின் வேறு குடும்பத்தில் மீண்டும் ஓ பேராகச் சேர இயலாது.

மூன்றாவது, வேலை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் வாரத்துக்கு முப்பது மணி நேரமுமே உச்ச வரம்பு. பெற்றோர் வெளியே சென்ற மாலையில் குழந்தைக்குக் காவலாக இருப்பதும் இக்கணக்கில் சேரும். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், எளிய சிற்றுண்டி செய்தல், துணி துவைத்து இஸ்திரி போடுதல் போன்றவை தகும். நோயுற்ற முதியோருக்குப் பணிவிடை செய்வது ஓ பேரின் கடமையன்று.

நான்காவது, ஓய்வு. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும் நான்கு மாலைப்பொழுது விடுதலையும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறேனும் ஓய்வு நாளாக அமைய வேண்டும். ஓராண்டு தங்குவோருக்கு நான்கு வார விடுமுறை உண்டு. அக்காலத்திலும் கைச்செலவுப் பணம் நிற்காது.

ஐந்தாவது, பணம். மாதம் 280 யூரோவுக்குக் குறையாமல் கைச்செலவுக்குத் தர வேண்டும். மொழி வகுப்புக்கென மாதம் 70 யூரோவும் குடும்பமே தர வேண்டும். நோய், விபத்து ஆகியவற்றுக்கான காப்பீடும் அவர்கள் செலவே. தனி அறையும் உணவும் இலவசம். ஆனால் போக்குவரத்துச் செலவு பொதுவாக நம்முடையதே.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 280 என்றால் ஆண்டுக்கு 3,360 யூரோ. இது சம்பளமன்று; கைச்செலவு. அந்நாட்டில் பேருந்துக்கும் உடைக்கும் தொலைபேசிக்கும் இதிலிருந்தே எடுக்க வேண்டும். இதை நம்பித் தரகர் கையில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுப்பவர், ஓராண்டு முடிவில் கடனோடுதான் திரும்புவார்.

இனி நம் மாணவியின் கடிதத்துக்கு வருவோம். அதில் இருந்த சிக்கல் மேற்கூறிய எதுவுமன்று. ஓ பேர் தங்கும் குடும்பத்தில் ஜெர்மன் தாய்மொழியாகப் பேசப்பட வேண்டும். தாய்மொழி வேறாயினும் வீட்டில் புழங்கும் மொழி ஜெர்மனாக இருந்தால் அனுமதி தரலாம். ஆனால் அப்போது ஓ பேராக வருபவர், அக்குடும்பத்துப் பெற்றோரின் சொந்த நாட்டைச் சேர்ந்தவராக இருத்தலாகாது. அதாவது, இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பம், இந்தியப் பெண்ணை இம்முறையில் வரவழைத்துக்கொள்ள இயலாது.

"நம்மவர் வீடு என்றால் பயமில்லை அல்லவா?" என்று அம்மாணவி கேட்டார். நம்மவர் வீடென்ற ஆறுதல் நியாயமானதே. ஆனால் மொழி கற்கச் செல்பவர் நாள் முழுதும் தமிழே பேசிக்கொண்டிருந்தால் கற்பது என்ன? எஞ்சுவது வேலை மட்டுமே. உறவின் பெயரால் வாங்கும் வேலைக்கு மணிக்கணக்கும் இராது. விதி செய்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்கள் போலும்.

புறப்படுமுன் செய்ய வேண்டுவன சில. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். வேலை நேரம், ஓய்வு நாள், பணம், அறை ஆகிய நான்கும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். தொகைகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்குமுன் ஜெர்மன் தூதரக அறிவிப்பைப் படியுங்கள். சுற்றுலா விசாவில் வந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள். அங்குப் போனபின் பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். குடும்பம் ஒத்துவராவிடில் முன்னறிவிப்புக் கொடுத்து விலகி, அந்த ஓராண்டுக்குள்ளேயே வேறு குடும்பத்துக்கு மாறலாம். அவ்வூர் அயல்நாட்டார் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆபத்தென்றால் காவல் துறையின் எண் 110. துன்புறுத்தப்படும் பெண்களுக்கான உதவி எண் 116 016. பெர்லினில் நம் தூதரகமும், பிராங்க்பர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன.

அம்மாணவி அக்குடும்பத்தாருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, விதியைச் சுட்டிக்காட்டினார். "எங்களுக்கு இது தெரியாது, அம்மா" என்று அவர்களும் நேர்மையாகவே பதில் எழுதிவிட்டார்கள். இப்போது அவர் மாலைதோறும் ஜெர்மன் வகுப்புக்குச் செல்கிறார். மொழியைக் கற்று, ஜெர்மன் பேசும் குடும்பம் ஒன்றைத் தேடிச் செல்வது அவர் எண்ணம்.

அவர் போகட்டும், நம் தோழியர் பலரும் உலகைப் பார்த்து வரட்டும். "வீட்டுப் பெண்போல" என்ற சொல்லை எவரேனும் சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.