சுவிட்சர்லாந்துப் பூட்டும் தேவாரத்து நோட்டும்

2024 பிப்ரவரி 8ஆம் தேதி சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது. பெற்றோர்கள் அலறியடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். சோதனை போட்டதில் எங்கும் குண்டு இல்லை. மெயில் வந்த வழி புரோட்டான் மெயில் என்கிற சுவிட்சர்லாந்து சேவை. அனுப்பிய ஆளைப் பிடிக்க முடியாத தமிழக போலீஸ், சேவையையே முடக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் முடக்குவதாக முடிவும் ஆனது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டுப் பேசியதில் அது அப்படியே நின்றுவிட்டது.

இதைவிடப் பெரிய விளம்பரத்தை அந்தக் கம்பெனி காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. தேவாரத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த பையன் ஒருவன், "அண்ணே, போலீசே கண்டுபிடிக்க முடியாத மெயிலாமே, எனக்கும் ஒண்ணு ஓப்பன் பண்ணிக் குடுங்க" என்றான். எதற்கடா என்று கேட்டால் சிரிக்கிறான்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏலத்தோட்டக்காரர்கள். வீடு இங்கே, தோட்டம் மலைக்கு மேலே இடுக்கிப் பக்கம். ஏல கம்பெனி பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பங்காளி வழக்கில் வக்கீல் அனுப்பும் பேப்பர் என்று எல்லாம் மெயிலில்தான் ஓடுகிறது. ரகசியம் வேண்டும் என்று இவர்கள் கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த மெயில் போடும் பூட்டு எதைப் பூட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கவேண்டும்.

போடிமெட்டு வழியாக இறங்கும் ஏலக்காய் மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் தைத்துவிட்டால் உள்ளே இருப்பது எட்டு மில்லிக் காயா, கழிவா என்று செக்போஸ்டில் தெரியாது. ஆனால் யார் மூட்டை, யாருக்குப் போகிறது, எத்தனை கிலோ, வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதெல்லாம் பில்லில் இருக்கும். புரோட்டானிலும் அப்படித்தான். கடிதத்தின் உடல் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுப் போகிறது. கம்பெனிக்காரன் நினைத்தாலும் படிக்க முடியாது. அனுப்புநர், பெறுநர், நேரம், ஏன், தலைப்பு வரிகூட அந்தப் பூட்டுக்குள் வராது. "பங்காளி வழக்கு: சமரசத் தொகை" என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே எத்தனை பூட்டு போட்டு என்ன?

இன்னொன்று. அந்தப் பூட்டு இரண்டு பக்கமும் புரோட்டான் இருந்தால்தான் தானாக விழும். எதிரில் இருப்பவர் ஜிமெயில் என்றால், தனியாகப் பாஸ்வேர்டு வைத்து அனுப்பினாலொழிய, அது சாதாரண மெயில்தான். கூகுளிடம் ஒரு பிரதி போய்ச் சேரும். இங்கே யாரிடம் ஜிமெயில் இல்லை? உள்ளே வரும் மெயிலுக்கும் இதே கதி. ஜெர்மனியின் டூட்டனோட்டா என்ற சேவைக்கு 2020இல் கொலோன் நீதிமன்றம், மிரட்டல் வழக்கில் சிக்கிய ஒரு கணக்குக்குப் புதிதாக வரும் பூட்டில்லாத மெயில்களைப் பூட்டுவதற்கு முன்பே நகலெடுத்துத் தரச் சொன்னது.

சேவை நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் இருக்கும் நாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. 2021இல் பிரெஞ்சு போலீஸ் ஒரு சுற்றுச்சூழல் போராளியைத் தேடியது. சுவிஸ் சட்டப்படி வெளிநாட்டு போலீசுக்கு நேராகத் தகவல் தரக்கூடாது. ஆகவே சுவிஸ் அரசு வழியாக உத்தரவு வந்தது. புரோட்டான் அந்தக் கணக்கின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. ஐபி பதிவு வைப்பதில்லை என்று பெருமையாகப் போட்டிருந்த வரி அதற்குப் பிறகு அவர்கள் தளத்தில் மாறிப்போனது. 2023இல் மட்டும் 5,971 உத்தரவுகளுக்கு இணங்கியதாக அவர்களே கணக்குக் காட்டுகிறார்கள். கடிதத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். இதில் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அமெரிக்காவில் லவாபிட் என்ற மெயில் சேவையை நடத்திய லேடார் லெவிசன், உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடென் விவகாரத்தில் அரசு சாவி கேட்டு நெருக்கியதும் 2013இல் கடையையே மூடிவிட்டார். எல்லாரும் அப்படி மூடவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் ஊரில் மெயில் கசிவது இத்தனை சுற்றி அல்ல. என் மேஜை டிராயரில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடக்கிறது. "மறந்துபோயிரும் தம்பி, நீயே எழுதி வச்சிரு" என்று வாடிக்கையாளர்களே சொல்லிச் சொல்லி எழுதவைத்த பாஸ்வேர்டுகள். தோட்டத்துப் பேரும் வருஷமும், இல்லாவிட்டால் பேத்தி பேரும் ஒன்று இரண்டு மூன்றும். மெயிலைத் திறந்துவிட்டு லாக்-அவுட் பண்ணாமல் எழுந்து டீக்கடைக்குப் போகிறவர்கள் தனி ரகம்.

போன மாதம் ஒரு தோட்டக்காரர், எழுபது வயதிருக்கும், தம்பியோடு பாகப்பிரிவினை நடப்பதால் பூட்டு மெயில்தான் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். நோட்டில் ஏற்றமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அடுத்து, மறந்தால் மீட்க வேறொரு மெயில் கொடுங்கள் என்று திரையில் கேட்டது. ஸ்பெயின் போலீஸ் தேடிய ஒரு கேட்டலான் போராளியை இந்த மீட்பு மெயில்தான் காட்டிக்கொடுத்தது. புரோட்டான் அதைத் தர, அதை வைத்து ஆப்பிளிடம் கேட்டு ஆள் யாரென்று கண்டுகொண்டார்கள். 2024இல் வெளிவந்த செய்தி. கொடுக்காமலும் விடலாம்தான். ஆனால் பாஸ்வேர்டு மறந்து, மீட்புச் சொற்றொடரும் தொலைந்தால், பழைய கடிதங்களைப் புரோட்டானாலேயே திறந்து தரமுடியாது. இரண்டையும் சொன்னேன்.

"போலீசு என்னைத் தேடி என்னப்பா பண்ணப்போகுது, என் தம்பிக்குத் தெரியாம இருந்தாப் போதும்" என்றார். பேரனுடைய ஜிமெயிலைப் போடச் சொன்னார். அந்தப் பேரன் தம்பி வீட்டில் தங்கித்தான் போடியில் காலேஜுக்குப் போகிறான். நான் எடுத்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்து, மகள் மெயிலுக்கு மாற்றச் சொன்னார்.