குப்பைக்கும் கிழமை உண்டு

டோக்கியோ தெருவில் காலி டீ பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தேடிப் பாருங்கள். கால் வலிப்பதுதான் மிச்சம். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் அந்நகரின் சுரங்க ரயில்களில் சாரின் விஷவாயுவைப் பரப்பியது. அதன்பின் பாதுகாப்புக் கருதி ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் இருந்த தொட்டிகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டன. குளிர்பான இயந்திரங்களின் பக்கத்தில் பாட்டில் போட மட்டும் ஒரு பெட்டி இருக்கும். மற்றதையெல்லாம் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

தொட்டியும் இல்லை, தெருவில் குப்பையும் இல்லை. பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், “சுத்தம் அவங்க ரத்தத்துலயே ஊறினது” என்பார்கள். எனக்கென்னவோ அது குப்பை அட்டவணையில் ஊறியதாகத்தான் படுகிறது.

ஜப்பானில் புது ஊருக்குக் குடிபோனதுமே நகராட்சி அந்த அட்டவணையைத் தந்துவிடும். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமை, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் வேறு கிழமை. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பல ஊர்களில் காலை 8 மணிக்குள் வைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைதான் செல்லும். காக்கைகள் கிழிக்காமலிருக்க மேலே வலை. பெட் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே அலசியாக வேண்டும். பழைய நாற்காலியைத் தள்ள நினைத்தால் முதலில் நாள் கேட்டுப் பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்குக்கும் 2001இல் தனிச் சட்டமே வந்துவிட்டது: மறுசுழற்சிச் செலவைத் தூக்கிப்போடுகிறவரே கட்ட வேண்டும்.

தப்பாகப் பிரித்தால்? பையின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வண்டி போய்விடும். பை தெருப்பார்வையில் கிடக்கும். அது யாருடையது என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலா போகும்? பல இடங்களில் அந்தக் குப்பை மூலையைப் பெருக்குவதும் அதே அக்கம்பக்கத்தார்தான், முறை வைத்து. அபராதத்துக்கு அஞ்சாதவரும் அவர்கள் பார்வைக்கு அஞ்சுவார். மொழி தெரியாமல் வந்து குடியேறியவருக்கு இது கொஞ்சம் கொடுமைதான்.

இந்த ஒழுங்கு சண்டை போடாமல் வந்ததுமில்லை. 1960களில் டோக்கியோவின் குப்பையில் பெரும்பகுதி கோட்டோ வார்டின் கடலோரத்தில் கொட்டப்பட்டது. நாற்றமும் லாரி நெரிசலும் ஒருபுறம். 1965 கோடையில் யுமெனோஷிமா குப்பைமேட்டிலிருந்து ஈக்கள் படையெடுத்து வர, மேட்டையே கொளுத்த வேண்டியதாயிற்று. 1971இல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி ‘குப்பைப் போர்’ அறிவித்து, அந்தந்த வார்டின் குப்பையை அங்கேயே எரிக்க வழிதேடினார். வசதியானவர்கள் நிறைந்த சுகினாமி வார்டில் எரியூட்டு நிலையத்துக்குக் கடும் எதிர்ப்பு. பொறுமையிழந்த கோட்டோக்காரர்கள் 1973இல் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைச் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சுகினாமி பணிந்தது. 1980களின் தொடக்கத்தில் நிலையம் இயங்க ஆரம்பித்தது. ‘என் வீட்டுக் குப்பை உன் வீட்டு வாசலில்’ என்பது அங்கேயும் ஒரு காலத்தில் நடந்த கதைதான்.

இன்று அதன் எதிர்முனையில் நிற்பது ஷிகோகு தீவின் மலையூரான கமிகாட்சு. இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2003இல் ‘குப்பையில்லா ஊர்’ என்ற இலக்கை அறிவித்தார்கள். குப்பை வண்டி வராது. மக்களே மையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஏறத்தாழ 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது.

நாடு முழுக்க இந்த ஒழுங்குக்கு இப்போது சிக்கல் முதுமை. பாட்டில் லேபிளை உரிக்க விரல் ஒத்துழைக்காதவர்களும், பையைத் தூக்கிக்கொண்டு மூலைவரை நடக்க முடியாதவர்களும் பெருகிவிட்டார்கள். பல நகராட்சிகள் இவர்களுக்கு விதியைத் தளர்த்தி வீட்டு வாசலிலேயே குப்பையை எடுத்துக்கொள்கின்றன. சில ஊர்களில் குப்பை வெளியே வராவிட்டால் ஊழியர் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். பதில் இல்லையென்றால் உறவினருக்குத் தகவல் போகும்.