தகுதி கூடினால் பாதுகாப்பு குறையும்

"அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்" என்ற பெயர் கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அது பட்டமல்ல. "என்னைக் காத்துக்கொள்ள எனக்குத் தெரியும்" என்று நாம் கொடுக்கும் ஒப்புதல்.

சிங்கப்பூரில் தனிமனிதர் மூன்று வழிகளில் இத்தகுதியைப் பெறலாம். கடந்த 12 மாத வருமானம் குறைந்தது 300,000 வெள்ளி; அல்லது, கடன்போக நிதிச் சொத்து 1 மில்லியன் வெள்ளிக்கு மேல்; அல்லது, கடன்போக மொத்தச் சொத்து 2 மில்லியன் வெள்ளிக்கு மேல். குடியிருக்கும் வீடு எவ்வளவு விலை போனாலும், மொத்தச் சொத்துக் கணக்கில் அதற்கு 1 மில்லியன்தான் உச்சவரம்பு.

2019 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விதிப்படி, தகுதி இருந்தாலும் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். சம்மதித்தவர்களிடம் மட்டும் விற்கப்படும் முதலீட்டுக்கு, பொதுமக்களுக்குத் தருவதுபோன்ற முழு விளக்க அறிக்கை தரவேண்டிய கட்டாயமில்லை.

கட்டடத் திட்டங்களில் இது முக்கியம். 10 மில்லியன் வெள்ளிக் கட்டடம். அதில் 7 மில்லியன் வங்கிக் கடன், 3 மில்லியன் முதலீட்டாளர் பணம் என்று வைத்துக்கொள்வோம். விலை 20 விழுக்காடு இறங்கி 8 மில்லியனுக்கு விற்றால், வங்கி தன் 7 மில்லியனை முதலில் எடுத்துக்கொள்ளும். முதலீட்டாளருக்கு மிஞ்சுவது 1 மில்லியன்தான். பங்குச்சந்தையில் விற்பதுபோல் நினைத்த நாளில் விற்றுவிட்டு வெளியேறவும் முடியாது.

ஆகவே, கையெழுத்திடுமுன் கடன் எவ்வளவு, பணம் எப்போது திரும்பும், யாருக்கு முதலில் கிடைக்கும் என்று கேளுங்கள். கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் மீட்டுக்கொள்ளலாம். போட்ட பணத்தை அப்படி மீட்க முடியாது.