சட்டிப் பக்கம் நின்று வாயைத் திறக்காதே!

அடுப்படிக்குள் விடுவதற்கு முன்னால் அக்கா எனக்கு மூன்று நிபந்தனை போட்டார். கைப்பேசியை எண்ணெய்ப் பக்கம் நீட்டக் கூடாது. வெந்ததை உடனே எடுத்து வாயில் போடக் கூடாது. மூன்றாவதுதான் கடுமையானது: சட்டியைப் பார்த்து, ‘அம்மாடி, எவ்வளவு எண்ணெய் குடிக்குது!’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மாவு நிஜமாகவே குடித்துவிடுமாம். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

இடம் கிள்ளான். தாமான் வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிய அடுப்படி. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளானில் இறங்கி, ஜாலான் தெங்கு கிளானா கடைவீதியின் பூமாலை, சேலை, பட்டாணி வாசத்தையெல்லாம் தாண்டித்தான் வந்தேன். அந்தக் கடைகளிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பந்தல்களிலும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் கோபுரமாய் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோபுரத்தில் பாதி இப்படிப்பட்ட அடுப்படிகளில் பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் இன்றைக்குத்தான் நம்பினேன்!

தரை முழுக்கப் பழைய தமிழ்ப் பத்திரிகை. அதன்மேல் முறுக்குகள் வரிசை வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் இரண்டு கேஸ் தோங். சுவரில் மாட்டிய பள்ளிக்கூட நோட்டில் ஆர்டர் கணக்கு: முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை. மின்விசிறி கிடையாது, தீ ஆடுமாம். வேர்வை என் முதுகில் ஆறாக ஓடியது. அக்காவின் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை. இதற்குப் பயிற்சி வேண்டும் போல.

நெய் உருண்டைக்கு வறுத்து அரைத்த பாசிப்பயற்று மாவு. நெய் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிடிக்க வேண்டும். ‘கை பொறுக்கும்’ என்பது அக்காவின் கை. என் கை இல்லை. இரண்டு உருண்டையோடு நான் ஓய்வு பெற்றேன்.

ஆனால் நான் வந்ததே அச்சு முறுக்குக்காகத்தான். அரிசி மாவு, கொஞ்சம் கோதுமை மாவு, முட்டை, சீனி, கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு, எள். அளவு? ‘சுசு டின்தாம்மா அளவு. எங்கம்மா தோட்டத்துல இருந்தப்பவும் அதே டின்தான்.’ நீளக் கம்பியின் நுனியில் பூ மாதிரி பித்தளை அச்சு. அதை முதலில் எண்ணெயில் நன்றாகக் காய விட வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு. முக்கால்வாசிதான் முங்க வேண்டும். மறுபடி எண்ணெய். பொறு, பொறு, விளிம்பு லேசாகச் சிவக்கட்டும்... இப்போது கம்பியை ஒரு குலுக்கு. குழந்தை சட்டையைக் கழற்றிவிட்டு ஓடுகிற மாதிரி பூ நழுவி எண்ணெயில் மிதந்தது. நான் கைதட்டிவிட்டேன்! கைதட்டலைப் பற்றி நிபந்தனை எதுவும் இல்லையே.

இந்தக் குலுக்கலைத்தான் மலாய்க்காரர்கள் பேராகவே வைத்துவிட்டார்கள்: குய்ஹ் கோயாங். கோயாங் என்றால் ஆட்டுவது. அச்சின் பித்தளையைப் பார்த்தவர்கள் குய்ஹ் லோயாங் என்கிறார்கள், பூவைப் பார்த்தவர்கள் குய்ஹ் ரோஸ். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இதுவே அச்சப்பம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் கொக்கிஸும் இதன் உடன்பிறப்புதான். அந்தப் பேரே டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்த இடத்தில் பையிலிருந்த என் ரகசிய ஆயுதத்தை எடுத்தேன். எண்ணெய்க்கு எட்டாத தூரத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினேன். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ‘இது எங்கம்மா அச்சாச்சே! எங்க எடுத்தே?’

நார்வேயில், அக்கா! அவர்கள் அதை ரொசெட்பாக்கெல்ஸ் என்கிறார்கள். அதே கம்பி, அதே பூ, அதே முக்கல், அதே குலுக்கல். தேங்காய்ப்பாலுக்குப் பதில் மாட்டுப்பால், அரிசி மாவு இல்லை, மேலே பொடித்த சீனியைப் பனி மாதிரி தூவுவார்கள். அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைப் பலகாரம் சுட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த ஏழு என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. க்ரும்காகே என்று ஒன்று: கோலம் வெட்டிய இரட்டை இரும்புத் தட்டுக்குள் மாவை அழுத்திச் சுட்டு, சூட்டோடு கூம்பாய்ச் சுருட்டுவது. ‘ஐயோ, இது பக்கத்து வீட்டு ஆன்ட்டி சீனப் புத்தாண்டுக்குச் சுடுற குய்ஹ் காப்பிட்!’ என்றார் அக்கா. ஆமாம், சுருட்டாமல் நாலாக மடித்தால் அதேதான். ஃபத்திக்மன் என்று இன்னொன்று, ஏழை மனிதன் என்று பொருள். முட்டையும் க்ரீமும் ஏலக்காயும் போட்டுப் பொரிப்பது. அத்தனையும் வாங்கினால் ஏழையாகிவிடுவோம் என்பது அவர்கள் கேலி. ‘நெய் விலைக்கு நம்ம உருண்டைக்கும் அந்தப் பேரை வைக்கலாம்’ என்றார் அக்கா.

அங்கேயும் ஊருக்கு ஊர் ஒரு பெருமை. பெர்கனில் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. அதன் பேர் ஷில்லிங்ஸ்போல்லே, பழைய ஷில்லிங் காசுக்கு விற்றதால். 1875-இல் குரோனே வந்து அந்தக் காசு ஒழிந்தும் பேர் ஒழியவில்லை. மேற்குக் கரையில் படகில் கடல் கடப்பவர்கள் ஸ்வேலே என்ற தடித்த தோசை மாதிரி ஒன்றைச் சுடச்சுட வாங்கி நடுவில் மடித்துச் சாப்பிடுவார்கள். வடக்கே சால்டன் பக்கம் பழுப்புப் பாலாடைக் குழம்பு ஊற்றி மடித்த லெஃப்சே. இதையெல்லாம் கேட்ட அக்காவின் ஒரே கேள்வி: ‘அங்க வெயில் இல்லையே, மாவு எப்படிக் காய வைப்பாங்க?’

அதற்குள் எனக்கு ஆசை முற்றிவிட்டது. ஒரே ஒரு பூ நான் சுடுகிறேன் என்று கெஞ்சிக் கம்பியை வாங்கினேன். அலாமாக்! அவசரத்தில் அச்சை முழுசாக முக்கிவிட்டேன். மாவு மேலேயும் ஏறிப் பூட்டுப் போட்டுவிட்டது. குலுக்கினேன், ஆட்டினேன், கெஞ்சினேன். பூ கழலவே இல்லை. அக்கா பேசாமல் வாங்கி, ஊசியால் விளிம்பைச் சுரண்டி எடுத்தார். என் பூவுக்கு இதழ் மூன்றுதான் மிச்சம்.

அச்சைத் துடைத்து எண்ணெய்க்குள் ஊற வைக்கும்போது அதன் அடியில் ஒரு தேய்மானத்தைக் காட்டினார். அம்மா பிடித்த காலத்திலிருந்து தேய்ந்தது. புது அச்சு வாங்கி இரண்டு வருஷமாகிறதாம், இன்னும் ‘படியவில்லை’. மாவு ஒட்டுகிறது. செய்முறையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார். அச்சை மட்டும் இரவல் தருவதில்லை.

கடைசி ஈடு இறங்கியது. ஆறட்டும், சூட்டோடு அடைத்தால் நமுத்துவிடும் என்றார். பிறகு உடைந்த துண்டுகளை என் கையில் கொட்டினார். மொறுமொறுவென்று, விரலில் ஒரு துளி பிசுக்கு இல்லை. சந்தோஷத்தில் என் நாக்கு நழுவியது: ‘அக்கா, கொஞ்சங்கூட எண்ணெயே குடிக்க...’

கரண்டி தலைக்கு மேலே உயர்ந்தது. டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.