கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்போர்



1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. அமெரிக்க வீரர் பில்லி மில்ஸ் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வென்றார். ஏனையோரும் ஒருவர்பின் ஒருவராக ஓடி முடித்தனர். ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் நம் இலங்கைத் தீவின் மைந்தர் ரணதுங்க கருணானந்த. இருபத்தைந்து சுற்றுகளில் அவருக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. பார்வையாளர்களில் சிலர் முதலில் நகைத்தனர். அவரோ நிற்கவில்லை. அவர் தனியே சுற்றிவரச் சுற்றிவர நகைப்பு அடங்கிக் கரவொலி எழுந்தது. இறுதியில், வெற்றி வீரரை வரவேற்பதுபோல அரங்கம் அவரை வரவேற்றது. 67ஆம் இலக்கம் அணிந்து ஓடிய அவருடைய கதையை, பின்னாளில் ஜப்பானியச் சிறுவர்கள் தம் பாடநூலில் படித்தார்கள்.

நான்கு ஆண்டுகளின் பின், 1968 ஒக்டோபர் 20ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் ஆண்களுக்கான மரதன் ஓட்டம். 42 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். தன்சானியா நாட்டு வீரர் ஜோன் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் பலத்த காயமடைந்தார். கட்டுப்போட்ட காலுடன் நொண்டியபடியே அவர் அரங்கினுள் நுழைந்தபோது, வெற்றியாளர் வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. இருள் சூழ்ந்திருந்தது. பெருங்கூட்டம் கலைந்துபோயிருந்தது. எஞ்சியிருந்த சிலர் எழுந்துநின்று கைதட்டினர். ஏன் ஓட்டத்தை விட்டுவிடவில்லை என்று கேட்டோரிடம், தம் நாடு தம்மை ஓட்டத்தைத் தொடங்குவதற்காக அன்று, முடிப்பதற்காகவே அனுப்பியது என்றார் அவர்.

இவ்விருவரின் மனவுறுதியைப் பற்றிப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று, அரங்கில் இருந்தவர்களைச் சற்றுப் பாருங்கள். நகைத்தவர்கள் சிலர். எழுந்து போனவர்கள் பலர். இறுதிவரை இருந்தவர்கள் சிலர்.

கல்வாரியிலும் இதே மூவகையினரைக் காண்கிறோம். வழிப்போக்கர் ஏளனம் செய்தனர். சீடர்கள் பலர் ஓடிப்போயினர். அன்னை மரியாவோ அன்புச் சீடரோடும் சில பெண்களோடும் சிலுவையடியில் நின்றார் (யோவான் 19:25-26). தம் மகனின் வேதனையைக் குறைக்க அவரால் இயலவில்லை. ஆயினும், அவர் அங்கிருந்து அகலவில்லை.

நான் முன்பு பணியாற்றிய பங்கொன்றில், உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியவர்களின் பெயர்களை ஞாயிறு திருப்பலியின் முடிவில் மகிழ்ச்சியோடு வாசித்தேன். எல்லாரும் கைதட்டினர். பின்பு ஒரு தாய் என்னிடம் வந்தார். “சுவாமி, நீங்கள் பெயர் வாசித்தபோது என் மகன் எழும்பி வெளியே போய்விட்டான். மூன்றாம் முறையும் அவனுக்குச் சரிவரவில்லை” என்றார். முந்தியவர்களுக்குக் கைதட்டக் கற்பித்த நான், பிந்தியவனை எண்ணிப் பார்க்கவில்லை. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை எதுவும் இருக்கவில்லை. அவனோடு அமர்ந்து தேநீர் அருந்தினேன். விடைபெறும்போது, “மறுபடியும் எழுதப்போகிறேன், சுவாமி” என்றான்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பிரத்தியேக வகுப்புகளுக்கு விரையும் பிள்ளைகளுள், எத்தனை பேர் பின்தங்கிவிட்டோமே என்று மனத்துக்குள் அழுகின்றார்கள்! கொட்டாஞ்சேனையின் தொடர்மாடி வீடுகளில், படுக்கையிலிருக்கும் கணவரை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் மனைவியர் எத்தனை பேர்! குடியை விட முயன்று, விழுந்து, மீண்டும் எழுகின்றவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். நாம் நகைக்கின்றோமா? சலித்து எழுந்து போகின்றோமா? அல்லது, காத்திருக்கின்றோமா?

திரளான சாட்சிகள் நம்மைச் சூழ்ந்திருக்க, நமக்குரிய ஓட்டத்தில் மனவுறுதியோடு ஓடும்படி எபிரேயர் திருமுகம் நம்மை அழைக்கின்றது (12:1). நம்முடைய ஓட்டத்துக்குப் புனிதர்கள் சாட்சிகள். நம் அயலவரின் ஓட்டத்துக்கோ நாமே சாட்சிகள். இவ்வாரம் பின்தங்கிய ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவரோடு அரைமணி நேரம் அமர்ந்திருங்கள்.

ஆண்டவரே, நாங்கள் விழுந்தபோதெல்லாம் நீர் எழுந்து போய்விடவில்லை. பிறர் தாமதிக்கும்போது காத்திருக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.