மடிப்பில் எழும் வாழ்த்து; பட்டியலில் இல்லாத கைத்தொழில்

புது தில்லி: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாள்களில் வானம் தெளிவாக இருந்தால், ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்திலுள்ள வரதய்யபாளையத்தில் வீட்டு வாசலில் நின்றே அதைக் காணலாம். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவுதான். அந்த ராக்கெட்டின் தலைப்பகுதியில் இருக்கும் செயற்கைக்கோள், தன் சூரியத் தகடுகளை உடலோடு ஒட்டி மடித்துக்கொண்டே புறப்படுகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் வெப்பக் கவசத்தின் விட்டம் 3.2 மீட்டர். அதற்குள் அடங்கினால்தான் விண்வெளிக்குப் போக முடியும். சுற்றுப்பாதையை அடைந்த பின்னர், தகடுகள் கீல்களில் திரும்பி விரிகின்றன.

தட்டையாக மடிந்து கிடப்பது, திறந்ததும் தானாகவே உருவம் பெற வேண்டும். பிறந்த நாளுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் 'பாப்-அப்' வாழ்த்து அட்டைக்கும் இதே தேவைதான். அட்டையைத் திறந்தால் கோபுரமோ தாமரையோ எழுந்து நிற்கிறது, மூடினால் மறைந்துவிடுகிறது.

இந்த ஒப்புமை வலிந்து சொல்லப்படுவது அன்று. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியூரா வகுத்த காகித மடிப்பு முறை, 1995-ல் ஏவப்பட்ட 'ஸ்பேஸ் ஃபிளையர் யூனிட்' விண்கலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலைப் பேராசிரியராக இருந்த மசாஹிரோ சாட்டானி, 1981-ல் வாழ்த்து அட்டைகளுக்காகக் காகிதத்தை வெட்டி மடிக்கத் தொடங்கினார். ஒரே தாளிலிருந்து மாளிகைகளையும் படிக்கட்டுகளையும் எழுப்பும் தனிக் கலையாகவே அது வளர்ந்தது.

எனினும், மடிப்பையே கணிதமாகக் கொண்ட நூல் ஒன்று இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே சென்னையில் அச்சாகியிருக்கிறது. இங்கே அதை அறிந்தவர்கள் குறைவு.

சென்னையில் வந்த நூல்: டி. சுந்தரராவ் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நூல், 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1893-ல் சென்னை அடிசன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. வரதய்யபாளையம் வட்டாரம் உள்படத் தென்னிந்தியாவின் பெரும்பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மழலையர் கல்விக்காக விற்கப்பட்ட வண்ணக் காகிதச் சதுரங்களைக் கண்டுதான் சுந்தரராவுக்கு இந்த எண்ணம் தோன்றியது. குழந்தைகள் படகும் பெட்டியும் செய்யும் அதே சதுரங்களைக் கொண்டு, கவராயம் இல்லாமலேயே சமபக்க முக்கோணம், ஐங்கோணம், எண்கோணம் என்று வரிசையாக வடித்துக் காட்டினார். நூலின் பிற்பகுதியில் பரவளையம், நீள்வட்டம் வரை போய்விடுகிறார். அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதங்களும் மட்டுமே.

ஜெர்மானியக் கணிதப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன், 1895-ல் வெளியான தம் விரிவுரை நூலில் சுந்தரராவின் நூலைக் குறிப்பிட்டார். அதன்பின் அது உலகின் கவனத்துக்கு வந்தது. 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வெளியாயிற்று. அமெரிக்காவில் பிற்காலத்திலும் அச்சில் இருந்த இந்த நூல், பிறந்த மண்ணில் பள்ளி ஆசிரியர்களின் கைக்கே வந்து சேரவில்லை எனலாம். நூலில் வாழ்த்து அட்டை எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் வாழ்த்து அட்டை செய்பவர் தெரிந்தோ தெரியாமலோ கையாள்வது அந்தக் கணக்கையே.

பாதிக்கு மேல் வெட்டக் கூடாது: மிக எளிய அட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி இணையாக இரண்டு வெட்டுகள் போட வேண்டும். இடையில் உள்ள பட்டையை வெட்டு முடியும் இடத்தில் மடித்து, தாளைத் திறந்து உள்பக்கமாகத் தள்ளினால் படிக்கட்டுப் போல ஒரு பெட்டி நிற்கும். அதன் முகப்பில் கேக்கையோ விளக்கையோ ஒட்டலாம். பக்கத்தின் அகலம் 10 செ.மீ. என்றால் வெட்டு 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால், அட்டையை மூடும்போது பெட்டியின் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

தனிப் பட்டையை ஒட்டுவதானாலும் கணக்கு இதுவே. மடிப்பிலிருந்து கீழ்ப்பக்கத்தில் 3 செ.மீ. தள்ளியும், மேல்பக்கத்தில் 4 செ.மீ. தள்ளியும் ஒட்டினால், மூடிய நிலையில் அதன் முனை 7 செ.மீ. தொலைவில் நிற்கும். அதாவது இரண்டின் கூட்டுத்தொகை. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக உள்ள இணைகரம்தான் இது. அளவு தவறினால் அட்டை மூடாது, அல்லது கிழியும். எட்டாம் வகுப்பு மாணவன் மனப்பாடம் செய்து மறக்கும் விதியைக் காகிதம் ஒரு நிமிடத்தில் கைக்குப் புரியவைத்துவிடுகிறது. ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடிப்பின் மீது சாய்த்து ஒட்டும் முறை இன்னும் அழகானது. மலரும் பறவையும் பெரும்பாலும் அதில்தான் எழுகின்றன. மடிப்புக்கு இரு புறமும் கோணம் ஒன்றாக இல்லாவிட்டால் உருவம் முறுக்கிக்கொள்ளும் என்பதால், அதற்குப் பொறுமை வேண்டும்.

இவற்றைக் கூட்டிக் கூட்டி அமைக்கும்போது கணக்கு எளிதாக இருப்பதில்லை. ஓர் அட்டை சிக்கலின்றித் திறந்து மூடுமா என்று முன்கூட்டியே கண்டறிவது, பொதுவாகக் கணினிக்கே மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் நிறுவினர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் டெமைன் உள்ளிட்ட குழுவினர் 2013-ல் வேறொன்றைக் காட்டினர். எந்தப் பலகோண வடிவத்தையும், போதிய மடிப்புகளைச் சேர்த்தால், திறந்து மூடும் அட்டையாக அமைத்துவிட முடியும் என்பதே அது.

திருப்பூர்த் துணியும் தாளும்: அட்டை நன்றாக வருவதும் வராததும் பாதி தாளைப் பொருத்தது. இயந்திரத்தில் ஓடிவரும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையிலேயே மடித்தால் மடிப்பு சீராக விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையை அறிந்துகொள்வது தொழில் தெரிந்தவர்களின் பழக்கம். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், ஸ்கேலை வைத்து ஒரு கோடு அழுத்தினால் போதும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

கையால் அள்ளிச் செய்யும் தாளில் இழைகள் பல திசைகளிலும் பின்னிக் கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பருத்தித் துணியிலிருந்து செய்ததானால் இழை நீளமாக இருக்கும்; பலமுறை மடித்தாலும் தாங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-லிருந்து இயங்குகிறது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஸி சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்கின்றனர். அங்குள்ள தேசிய கைக்காகித நிறுவனம், தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் கழித்துப்போடும் வெட்டுத்துணி இத்தொழிலுக்கு நல்ல மூலப்பொருள். தமிழகத்தின் கழிவு ராஜஸ்தானில் தாளாகி, தில்லிக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதும் உண்டு.

அட்டைகளின் காலம்: வாழ்த்து அட்டை விற்பனையில் 1979 குறிப்பிடத்தக்க ஆண்டு. தில்லியில் ஆர்ச்சீஸ் நிறுவனமும், மும்பையில் ரிப்பன் கபூர் நண்பர்களுடன் தொடங்கிய 'க்ரை' குழந்தைகள் நல அமைப்பும் அந்த ஆண்டில்தான் பிறந்தன. க்ரை அமைப்புக்கு வாழ்த்து அட்டை விற்பனை நெடுங்காலம் முக்கிய வருவாயாக இருந்தது. ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃபும் 1949-ல் செக்கோஸ்லோவாகியச் சிறுமி ஒருத்தியின் ஓவியத்தைத்தான் தன் முதல் அட்டையாக வெளியிட்டது. தமிழகத்தில் பொங்கல் வாழ்த்துகள் சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாகப் போயின. உறையை ஒட்டாமல், மூடியைச் செருகி, குறைந்த தபால்தலையில் அனுப்பியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு செல்பேசி வந்தது. தீபாவளி, புத்தாண்டு நாள்களில் இலவசக் குறுஞ்செய்தித் திட்டங்களை நிறுத்தி முழுக் கட்டணம் வசூலிக்கும் அளவுக்கு வாழ்த்துகள் குவிந்தன. வாட்ஸ்ஆப் வந்த பின் அந்த வருமானமும் போயிற்று. அட்டைக் கடைகள் பரிசுப் பொருள்களை நம்பும் கடைகளாக மாறின.

அச்சிட்ட அட்டையின் படத்தையும் வாசகத்தையும் செல்பேசியால் அப்படியே காட்ட முடியும். கையில் திறக்கும்போது எழுந்து நிற்பதைக் காட்ட முடியாது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்கர்கள். வியத்நாமில் கண்ட வெட்டுக்காகித அட்டைகளால் கவரப்பட்ட இரு கப்பல் வடிவமைப்புப் பொறியாளர்கள், 2014-ல் 'லவ்பாப்' நிறுவனத்தைத் தொடங்கினர். லேசர் கதிரால் வெட்டி, கையால் கோத்த அந்த வகை அட்டைகள் இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன.

கத்தரிக்கோலால் வெட்டும் கைவினைஞர் இத்துடன் போட்டியிடுவது எப்படி? ஓர் அட்டைக்கு 40 நிமிடம் என்று கொண்டால், எட்டு மணி நேரத்தில் 12 அட்டைகள். ஒரு நாள் கூலியாக 600 ரூபாய் வேண்டுமென்றால், அட்டைக்கு 50 ரூபாய் கூலி மட்டுமே ஆகிறது. தாள், பசை, உறை, கடைக்காரரின் பங்கு எல்லாம் அதற்கு மேல். எனவே வெட்டுவதை இயந்திரத்துக்கு விட்டுவிட்டு, மடிப்பதையும் ஒட்டுவதையும் கைக்கு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. உலகச் சந்தையில் விற்கும் பாப்-அப் புத்தகங்களே இன்றும் கையால்தான் ஒட்டிக் கோக்கப்படுகின்றன. முன்பு கொலம்பியாவிலும், பின்னர் சீனாவிலும் தாய்லாந்திலும் ஏராளமானோர்க்கு அது வேலை தந்திருக்கிறது. அச்சு வெட்டு இயந்திரங்கள் பழைய தில்லி சாவ்ரி பஜாரின் திருமண அழைப்பிதழ்த் தொழிலுக்கோ சிவகாசிக்கோ புதியவை அல்ல. ஸ்ரீசிட்டி தொழில் நகரை ஒட்டிய வரதய்யபாளையம், சத்தியவேடு போன்ற ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இந்த வேலையைக் கொண்டுசெல்லப் பெரிய முதலீடு தேவையில்லை. வடிவத்தை வரையத் தெரிந்தவர்கள்தான் தேவை.

தில்லியின் பார்வை: இங்கேதான் தடை இருக்கிறது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் இடம் பெற்றுள்ளன. தச்சர், குயவர், தையற்காரர், பூ கட்டுபவர், பொம்மை செய்பவர் எல்லாரும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி, கருவி வாங்க உதவி, பிணையில்லாக் கடன் ஆகியவை கிடைக்கும். காகிதக் கைவினை அந்த 18-ல் இல்லை. தில்லிக்கு அருகிலேயே மதுராவில் காகிதத்தை நுண்ணிய கத்தரியால் வெட்டும் 'சாஞ்சி' கலை இருந்தும் இந்த நிலை. பொம்மை என்ற தலைப்பில் அட்டையைச் சேர்க்கலாமா என்பது அதிகாரியின் மனத்தைப் பொருத்தது. அதை நம்பி யாரும் கடன் கேட்கப் போவதில்லை.

பள்ளியில் மட்டும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. புதிய கல்விக் கொள்கை (2020), ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களைக் கைத்தொழில் அறிய ஒதுக்கச் சொல்கிறது. கொள்கையின் பிற அம்சங்கள் பற்றி மாநிலங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பத்து நாள்களை எதிர்க்கக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. அதில் ஒரு நாளைச் சுந்தரராவின் சதுரங்களுக்கும், இன்னொன்றை எழுந்து நிற்கும் அட்டைக்கும் கொடுத்தால் செலவு ஒரு கட்டுத் தாள்தான்.

செய்து முடித்த அட்டையைத் தபாலில் அனுப்புவோர் எடையைக் கவனிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றே 15 கிராமைத் தாண்டும். உள்ளே எழும் உருவமும் உறையும் சேர்ந்தால் 25 கிராம் வரை போய்விடும். கடிதத்துக்கு நெடுங்காலமாக இருந்துவரும் முதல் எடை வரம்போ 20 கிராம். தபால்தலை குறைந்தால், பற்றாக்குறைத் தொகையின் இரு மடங்கை வாழ்த்துப் பெறுபவரிடம் வாங்குவது அஞ்சல் துறையின் பழைய வழக்கம்.